கிளப் பலகையில் என் பெயர்

யாராவது என்னிடம் அன்பாகப் பேசினால் நான் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பிறகுதான் பதில் சொல்வேன். கெட்ட குணம் என்று தெரியும். நமுனுகுல மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முட்டி மோதிப் படித்து, பதுளையில் கணித ஆசிரியனாகி, தோட்டத்து எல்லையில் சொந்தமாக ஒரு வீடும் கட்டிவிட்டேன். எல்லாம் மாறியது, இந்தக் குணம் மட்டும் என்னோடு குடிவந்துவிட்டது. கடைக்காரர் மிட்டாய் ஒன்று கூடுதலாகக் கொடுத்தால் பழையதோ என்று மோந்து பார்ப்பேன். ("இவருக்குச் சாமி வரம் குடுத்தாலும் எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு கேப்பாரு" என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.)

ஆகவே நான்கு வருடங்களுக்கு முன்பு டொக்டர் கனகசபாபதி என்னைக் கிளப்பில் சேரச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பசறையில் ஒரு சிறிய டிஸ்பென்சரி வைத்திருந்தார். கால் சுளுக்கிய என் மகள் தர்ஷினியை அங்கே கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. கட்டுப் போட்டுக்கொண்டே டொக்டர் விசாரித்தார்.

"பட்மின்ரன் விளையாடித்தான் சுளுக்கினதோ? எங்க விளையாடுறனீர்?"

"பெரட்டுக்களத்துல டொக்டர்."

பெரட்டுக்களம் என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் வெளி. மலை முகட்டில் இருக்கிறது. மாலையில் அங்கே பையன்கள் ஒரு பக்கம் கரப்பந்து விளையாட, மறுபக்கம் கயிறு கட்டிப் பெண் பிள்ளைகள் பட்மின்டன் அடிப்பார்கள். எங்கள் மலைக் காற்று சும்மா விடுமா? இந்தப் பக்கம் அடிக்கும் இறகுப் பந்து தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் போய் விழும். அதனால் எங்கள் பிள்ளைகள் காற்றுக்கு விட்டுக் கொடுத்து இரண்டு முழம் இடப்பக்கமாகவே அடித்துப் பழகியிருந்தார்கள். தர்ஷினி அதில் கெட்டிக்காரி. அவளைப் பதுளையில் ஒரு மூடிய மண்டபத்தில் விளையாட வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடித்ததெல்லாம் இரண்டு முழம் இடப்பக்கமாகக் கோட்டுக்கு வெளியே போனது.

"மகளுக்கு நல்ல கை இருக்கு சேர்" என்றார் விளையாட்டு ஆசிரியை. "ஆனா ரெண்டு மாசத்துல மாகாணத் தெரிவு. அதுக்குள்ள காத்தில்லாத எடத்துல அடிச்சுப் பழகணும். இல்லாட்டி கஷ்டந்தான்."

பாடசாலை மண்டபத்தில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. டவுனில் இருந்த மண்டபத்தில் பயிற்சி முடியும் நேரத்துக்கு எங்கள் பக்கம் கடைசி பஸ் போய்விடும். எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே காற்றுப் புகாத கோர்ட் ஒன்றுதான் இருந்தது. அது தோட்டத்துக்கு மேலே, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாரின் கிளப்பில். வெள்ளைக்காரர்கள் நடனமாடிய மண்டபத்தில் பின்னாளில் கோடு போட்டிருந்தார்கள்.

"எங்கட கிளப்பில சேருங்கோ மாஸ்டர்" என்றார் டொக்டர். "மெம்பர்மாற்ற பிள்ளையளும் விளையாடலாம்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். சுளுக்கிய காலை மறந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

நான் உறுப்பினராக இல்லாதவன் அல்ல. தொழிற்சங்கத்தில் இருந்தேன், மரண உதவிச் சங்கத்தில் இருந்தேன், கோவில் கமிட்டியில் இருந்தேன். இவற்றில் ஒன்றுகூட என்னைக் கேட்டுச் சேர்க்கவில்லை. பிறந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். கேட்டுச் சேர்க்கிற சங்கத்தை அப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் எந்தக் கிளப்? எங்கள் லயத்து ஆட்கள் பால் கொடுக்கவும், விறகு போடவும், புல் வெட்டவும் மட்டும் போய் வந்த கிளப். அதுவும் பின்வாசலால்.

'இப்ப மட்டும் நான் எதுக்கு?' என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தோட்டத்து ஆளையும் சேர்த்திருக்கிறோம் என்று காட்டிப் படம் பிடிக்கவா? யார் வீட்டுப் பிள்ளைக்காவது கணக்கு ட்யூஷன் வேண்டுமா? மூன்று இரவு யோசித்தும் கணக்கு விடை வரவில்லை.

சனிக்கிழமை போனேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் கிளப்பின் முன்வாசல். என் கால்கள் தாமாகவே சமையற்கட்டுப் பக்கம் திரும்பின. டொக்டர் கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்.

உள்ளே எதிர்பார்த்த படாடோபம் எதுவும் இல்லை. டென்னிஸ் கோர்ட்டில் மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. பில்லியர்ட்ஸ் மேசையைப் படங்குத் துணியால் மூடி, அதன் மேல் ஒரு பூனை. இப்போதைய துரைமார் கிளப்புக்கு விளையாட வருவதில்லையாம். பாதிப் பேர் போனில் விளையாடுகிறார்கள், மீதிப் பேர் பண்டாரவளையில் ஜிம்முக்குப் போகிறார்கள். புத்தகத்தில் பதினொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். கோர்ட்டில் இறங்குவது மூன்றே பேர். டொக்டர், காது கொஞ்சம் மந்தமான ஒரு நில அளவையாளர், கிளப் செயலாளர் ஹேரத். ஹேரத் ஓய்வு பெற்ற பெரியதுரை. எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை.

தேநீர் வந்தது. அவர்கள் மூவருக்கும் நீலக் கோடு போட்ட கோப்பை. எனக்கு மட்டும் வெள்ளைக் கோப்பை.

எனக்குப் புரிந்துவிட்டது. பங்களாவில் எங்கள் ஆட்களுக்கு என்று தனிக் கோப்பை வைத்திருந்த கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். டொக்டர் சப்பாத்து நாடா கட்டக் குனிந்த நேரம் பார்த்து, என் வெள்ளைக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு நீலக் கோப்பையை எடுத்துக் குடித்தேன். (சப்பென்று இருந்தது. ஆனாலும் சமத்துவத்தின் ருசி என்று குடித்தேன்.) டொக்டர் ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது.

"ஆர் எனக்குச் சீனி போட்டது?"

அவர்கள் மூவருக்கும் சர்க்கரை வியாதி. நீலக் கோடு என்றால் சீனியில்லாதது. வந்த விருந்தாளிக்கு என்று எனக்கு மட்டும் சீனி போட்டு, ஏலக்காயும் தட்டிப் போட்டிருந்தார்கள்.

பிறகு விளையாட்டு. நானும் பெரட்டுக்களத்து ஆட்டக்காரன்தானே. அடித்த ஒவ்வொன்றும் இடப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக்காரர்களின் படங்களில் போய் மோதியது. "மாஸ்டர், இஞ்ச காத்து இல்லை" என்று டொக்டர் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். என்னைத் தோற்கடிக்கத்தான் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டார்களோ என்று அந்த நேரத்தில் நான் நினைத்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "இனி ரெண்டு கிழமை. பிறகு நீங்கள் மெம்பர்" என்றார் டொக்டர். அந்த இரண்டு வாரமும் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். கேட்டால் நமக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுமே.

பத்தாவது நாள், இரவல் வாங்கிய ரக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஒரு நடை போய் உளவு பார்த்தேன். ஆள் அரவம் இல்லை. நடைவழியில் கண்ணாடி போட்ட ஒரு அறிவித்தல் பலகை. மேலே ஒரு காகிதம் 'மண்டபத்தில் மழை ஒழுகும் இடத்தில் நிற்க வேண்டாம்' என்று தொங்கியது. அதற்குக் கீழே பாதி மறைந்து இன்னொரு காகிதம். தலைப்புத் தெரியவில்லை. என் பெயர் தெரிந்தது. என் பெயருக்குக் கீழே வரிசையாக ஏழு கையெழுத்துகள்.

ரக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்தில் வளர்ந்திருக்க வேண்டும். அங்கே ஆபீஸ் பலகையில் ஒருவன் பெயர் தனியாக ஏறினால் ஒரே அர்த்தம்தான்: அவனை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. நல்ல காரியத்துக்காகப் பலகையில் பெயர் வந்ததாக எங்கள் தோட்டத்து வரலாற்றிலேயே இல்லை. அடுத்தது கையெழுத்து. ஒருவன் பெயரை எழுதிக் கீழே ஏழு பேர் கையெழுத்து வைத்தால் அது பெட்டிசன். நானே எத்தனை பெட்டிசன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு எதிராக, தண்ணீர்க் குழாய் பார்க்கிறவருக்கு எதிராக, ஒரு தடவை கோவில் பூசாரிக்கு எதிராக.

ஆக, ஏழு பேர் சேர்ந்து என்னைச் சேர்க்கக் கூடாது என்று பெட்டிசன் போட்டு, அதை ஊர் பார்க்கக் கண்ணாடிக்குள் மாட்டியும் வைத்துவிட்டார்கள். ஏலக்காய் போட்டபோதே எனக்குத் தெரியும்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். என் அக்கா பாக்கியம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், மாதர் சங்கத் தலைவி. மூன்று துரைமாரைப் பேச்சுவார்த்தையில் வியர்க்க வைத்தவள் என்று பெயர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"பேரு போர்ட்ல இருக்குறத நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"கையெழுத்து?"

"ஏழு."

"அப்ப பெட்டிசன்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. அதை அவள் உறுதியாக்கிக் கொடுத்தாள். "சனிக்கெழம அர நாளு. கொழுந்த தராசுல நிறுத்துட்டு ஆளுங்களோட வர்றேன். நீ பேசாத. நீ வாத்தியாரு, நடுவுல சமாதானம் பேசிக் கெடுத்துருவ."

அவள் ஒரு கொப்பித் தாளில் கோரிக்கைகளை எழுதச் சொன்னாள். ஒன்றுதானே என்றேன். "ஒத்தக் கோரிக்கையோட பேச்சுவார்த்தைக்குப் போகக் கூடாதுடா. அவங்க மறுக்குறதுக்கு நம்மளே ஒண்ணு குடுக்கணும்" என்று மூன்றாக எழுத வைத்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு அக்கா இருபத்திரண்டு பெண்களோடு மலையேறி வந்தாள். எல்லோரும் முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார்கள். செருப்புகளை வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்டு உள்ளே போய், பட்மின்டன் கோர்ட்டின் நடுவில் வலைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் தற்செயலாக அந்த வழியாக வந்தவன் போல ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஓரத்தில் ஒரு மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, பெட்டிஸ், வாழைப்பழம், ஒரு கேக் எல்லாம் வைத்திருந்தார்கள். 'என்னைத் துரத்தினதுக்கு விருந்து வேறயா' என்று பல்லைக் கடித்தேன்.

நில அளவையாளரோடு ஹேரத் வந்தார். கோர்ட்டில் இருபத்து மூன்று பெண்களைக் கண்டார். பயப்படுவார் என்று பார்த்தால், மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முன்னால் யாரும் இப்படி வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சட்டைக் கையை இழுத்துவிட்டார். ஒரு கதிரையை அக்கா முன்னால் போட்டு, கொப்பியும் பேனாவும் எடுத்தார். பழைய துரைத் தமிழ் தானாக வந்தது.

"சத்தம் வேணாம். ஒரு ஆள் பேசு. மத்த ஆள் கேளு."

"யாருங்க சத்தம் போட்டா?" என்றாள் அக்கா. "மொதக் கோரிக்கை. எங்க தம்பி பேர போர்ட்டுல இருந்து எடுக்கணும்."

"எடுக்கணுமா?"

"இப்பவே எடுக்கணும். எடுத்தாத்தான் மத்தது பேசலாம்."

ஹேரத் குழம்பிப்போய் என் தூணைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்கும் இது சரியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து 'அது என்ன காகிதம்?' என்று கேட்டிருக்கலாம். மூன்று சொல். ஆனால் தலைவியையும் ஆளையும் பிரித்துப் பேசுவது பழைய துரைமார் தந்திரம் என்று என் மூளை சொன்னது. நிமிர்ந்து நின்றேன்.

"அக்கா சொல்றதுதான் என் முடிவு."

ஹேரத் சாவி போட்டுக் கண்ணாடியைத் திறந்தார். நான்கு ஊசிகளையும் கழற்றினார். காகிதத்தை நாலாக மடித்து அக்கா கையில் கொடுத்தார். பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான்தான் பலமாகத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள்.

அப்போதுதான் டொக்டர் வந்தார். பின்னாலேயே தர்ஷினியும், முதுகில் ரக்கெட் பையோடு. இன்றோடு இரண்டு கிழமை முடிகிறது என்று நாட்காட்டியில் கோடு போட்டு வைத்திருந்தவள் அவள். வழியில் டொக்டரைச் சந்தித்து அவர் காரில் ஏறி வந்திருந்தாள். நடந்ததை ஹேரத் இங்கிலீஷில் சொல்ல, டொக்டர் அப்படியே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், அது பெட்டிசன் இல்லை. புதுசா ஒராள் சேரேக்க அவற்ற பேரைப் பதினாலு நாள் போர்ட்டில போடுறது. விருப்பமான மெம்பர்மார் கீழ கையெழுத்து வைப்பினம். உங்களைச் சேர்க்கச் சொல்லித்தான் ஏழு பேரும் வைச்சிருக்கினம். இண்டைக்கு அஞ்சு மணியோட முடியுது."

நேரம் நாலு இருபது.

"அப்ப திருப்பி ஒட்டிருங்க" என்றேன்.

ஹேரத் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தவணை முடிவதற்குள் விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு பெயர் எடுக்கப்பட்டால் அவர் விலகியவராவார். பன்னிரண்டு மாதத்துக்கு மறுபடி போட முடியாது. "நான் கேட்டேன்தானே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"டொக்டர், என்னைய எதுக்கு சேக்கணும்னு நெனச்சீங்க? உண்மையச் சொல்லுங்க" என்று கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"டபிள்ஸ் விளையாட நாலு பேர் வேணும் மாஸ்டர். நாங்கள் மூண்டு பேர்தானே" என்றார் அவர்.

மூன்று இரவு நான் போட்ட கணக்கின் விடை இதுதான். நாலில் மூன்று போனால் ஒன்று. நான் கணித ஆசிரியர்.

தர்ஷினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, கோர்ட்டின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் புத்தியால் என் பிள்ளையின் வாசலை நானே ஆள் கூட்டி வந்து சாத்தியிருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்னை அதற்கு முன் உணர்ந்ததில்லை.

அக்கா அந்தக் காகிதத்தை இடுப்பில் செருகினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சரி. ரெண்டாவது கோரிக்கை."

ஹேரத் நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"மாசம் ஒருவாட்டி எங்க மாதர் சங்கக் கூட்டத்த இந்த ஹோல்லதான் வைக்கணும்."

"அது முடியாது. மெம்பர் இல்லாத சங்கத்துக்கு ஹோல் இல்ல. விதியில இருக்கு."

"சரி, நாங்க விட்டுக் குடுத்துட்டோம். இப்ப நீங்க விட்டுக் குடுக்கணும். மூணாவது. தோட்டத்துப் புள்ளைங்க சனிக்கெழம சனிக்கெழம இங்க வந்து விளையாடணும்."

ஹேரத் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். கோர்ட்டுக்குள் நாய் வரக் கூடாது என்று இருந்தது. குதிரையைத் தூணில் கட்டக் கூடாது என்று இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் வரக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரு காலத்தில் அதை எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருந்திருக்காது. டொக்டர் அவரையே பார்த்தார். நில அளவையாளரும், ஏதோ கேட்டது போல, தலையை ஆட்டினார்.

"பலகைத் தரை" என்றார் ஹேரத் கடைசியில். "சப்பாத்துப் போட்டா கீறும். வெறுங்கால்னா சரி."

"எங்க புள்ளைங்க பெரட்டுக்களத்துல வெறுங்காலோடதான் அடிக்குதுங்க" என்றாள் அக்கா. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். இரண்டாவது கோரிக்கையை அவர் மறுப்பதற்காகவே போட்டதாக வரும் வழியில் அக்கா சொன்னாள்.

பேச்சுவார்த்தை முடிந்தால் தேநீர் கொடுப்பது வழக்கம் என்பதால் ஹேரத் கேக்கை வெட்டச் சொன்னார். எனக்கு நல்வரவு சொல்ல வாங்கிய கேக். மேலே ஐசிங்கில் என் பெயர் இருந்தது. பெயர் இருந்த துண்டைத் தலைவி என்ற முறையில் அக்கா சாப்பிட்டாள். எனக்குப் பெட்டிஸ்தான் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து தர்ஷினியோடு ஒன்பது பிள்ளைகள் மலையேறினார்கள். காற்றில்லாத இடத்தில் இரண்டு முழத்தை மறப்பதற்கு அவர்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. மூன்று கிழவர்களுக்கும் நாலாவது ஆள் கிடைத்துவிட்டது. அது தர்ஷினி. நான் உறுப்பினரும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பதால் வாசற்படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே டொக்டர் "வெல்டன் பிள்ளை" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தேநீர் மட்டும் தவறாமல் வரும். வெள்ளைக் கோப்பையில், ஏலக்காய் போட்டு.

பன்னிரண்டு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. டொக்டர் புதிய படிவம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அது இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. நாலாவது ஆள் கிடைத்த பிறகும் இந்த மனுஷர் என்னை ஏன் கூப்பிடுகிறார்?

அதற்கெல்லாம் முன்பு, அந்த வருடமே மாகாணத் தெரிவு நடந்த அன்று நான் பதுளையில் வகுப்பில் இருந்தேன். மூன்று மணிக்குத் தர்ஷினி போன் பண்ணினாள்.

"அப்பா, என் பேர போர்ட்ல போட்டிருக்காங்க."

பிள்ளை தெரிவாகிவிட்டாள். எந்தத் தகப்பனும் துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். என் வாயில் முதலில் வந்தது வேறு.

"கீழ யாராச்சும் கையெழுத்து வச்சிருக்காங்களா?"

அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்து, அத்தைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் அக்காவின் போன் வந்தது. மலையில் கொழுந்து எடுக்கும் இடத்திலிருந்து பேசினாள். காற்று இரைந்தது, பின்னால் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்று வரைக்கும் கல்யாணப் பத்திரிகையோ, கோவில் உபயப் பட்டியலோ, எங்கள் வீட்டு ஆள் யார் பெயர் எங்கே வந்தாலும் குடும்பத்தில் கேட்கிற கேள்வியை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலில் கேட்டாள்.

"டேய் தம்பி, புள்ள பேரு போர்ட்ல ஏறிருச்சாமே. ஆளு இருக்கு. எடுக்கச் சொல்லவா, இருக்கட்டுமா?"